பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் வாசலில் சாய்கிறது, என்ன செய்யலாம்?

தேவாலாக்காரி:
ஊட்டியில் தென்னையைப் பார்க்க முடியாது. கூடலூர் பக்கம் இறங்கிவிட்டால் வீட்டுக்கு வீடு தென்னையும் பாக்கும்தான். பக்கத்து வீட்டு அண்ணனின் நெட்டை மரம் ஒன்று எங்கள் வாசல் பக்கம் சாய்ந்து நிற்கிறது. பிள்ளைகள் ஸ்கூல் ஜீப்புக்கு நிற்பது அதன் அடியில்தான். போன வாரம் காய்ந்த மட்டை விழுந்து மாட்டுக்கொட்டகை ஷீட் உடைந்தது. மட்டையின் அடி இரண்டு உள்ளங்கை அகலம், ஓரம் ரம்பம் மாதிரி. கேட்டால், "தேங்காய்க்குக் கண் உண்டும்மா, தலையில் விழாது" என்கிறார். ஜூன் பிறந்தால் மழையும் காற்றும் விடாது. மரத்தை வெட்டச் சொல்ல மனசில்லை. வேறு வழி?

மரமேறி:
அக்கா, கண்ணை நம்பிப் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். 60 அடி உயரத்திலிருந்து விழும் காய் கீழே வரும்போது மணிக்கு 70 கி.மீ. வேகத்தை நெருங்கியிருக்கும். காய் முற்ற ஏறக்குறைய 12 மாதம் ஆகும். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை பறித்தால் நெற்றாகித் தானே விழ விடாமல் தடுக்கலாம். மே முடிவதற்குள் ஆள் ஏற்றி, காய்ந்த மட்டை, பாளை, பன்னாடை எல்லாம் இறக்கிவிடுங்கள். ஈர மரத்தில் யாரையும் ஏறச் சொல்லாதீர்கள்.

ஒன்று முக்கியம்: பச்சை மட்டையைக் கழிக்க விடாதீர்கள். குலையைத் தாங்குவதே அதுதான், வெட்டினால் குலை மடங்கிவிடும். வெட்டுவாய் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். அது குருத்தைக் குடைந்தால் ஒருநாள் கொண்டையே முறிந்து விழும்.

பந்தலூர் மாமா:
சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து வேர் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் காய் பறித்தால் மட்டும் போதாது. விழும் நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிடக் கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 152-ஆம் பிரிவு. அண்ணன் மனிதர் நல்லவர்தானே, முதலில் பேசிப் பாருங்கள். 2010-ல் ஒபாமா வருகிறார் என்று மும்பையில் காந்தி நினைவில்லமான மணிபவனில் தேங்காயை முன்கூட்டியே பறித்தார்கள். நம் பிள்ளைகளுக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

தேவாலாக்காரி:
வேர் தூக்கவில்லை. பறிகூலி நான் தருகிறேன், காய் உங்களுக்கே என்று அண்ணியிடம் சொன்னேன், சரி என்றார்கள். ஜீப்பையும் அடுத்த வளைவில் நிற்கச் சொல்லியாச்சு. கொண்டைக்குக் கீழே வலை கட்டலாமா?

மரமேறி:
கட்டலாம். குரும்பைப் பிஞ்சும் நுழையாத நைலான் வலை வாங்குங்கள். ஏறும்போதெல்லாம் விழுந்து கிடப்பதை எடுத்துவிட வேண்டும். பாரம் சேர்ந்தால் வலையே அறுந்துவிடும்.