18-க்கு 12 அடி கொல்லைப்புறம்: முழுக்க சிமெண்ட் போடுவதா, மண்ணாக விடுவதா?

செல்வம், தாம்பரம்:

வணக்கம். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 18 அடி நீளம், 12 அடி அகலத்தில் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கிறது. வாசல் வடக்கு பார்த்தது, அதனால் கொல்லை தெற்கே. தெற்கு மதிலிலிருந்து அஞ்சடி தள்ளி பக்கத்து மனைக்காரர் மாடி வீடு கட்டிவிட்டார், எப்படியும் 20 அடி உயரம் இருக்கும். எங்கள் வீடும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். தென்மேற்கு மூலையில் செப்டிக் டேங்க். தென்கிழக்கில் ஒரு முருங்கை, பக்கத்திலேயே துவைக்கிற கல். மீதியெல்லாம் வீடு கட்டும்போது கொட்டிய செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும் கலந்த மண். மழை வந்தால் சேறு.

அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. சாயங்காலம் காற்றாட உட்கார அவருக்கு ஒரு இடம் வேண்டும். துணி காய வேண்டும், முடிந்தால் கொஞ்சம் கீரை, காய். தோட்டம் அமைத்துத் தரும் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முழுக்க சிமெண்ட் போட்டு மேலே செயற்கைப் புல் விரித்துவிடலாம், ஒரு மூலையில் நீரூற்று, முருங்கையை எடுத்துவிட்டு அலங்காரப் பனை என்கிறார். சேறு ஒழிந்தால் போதும் என்கிறார் மனைவி. எனக்கு மண்ணை முழுக்க மூட மனசு வரவில்லை. இவ்வளவு சின்ன இடத்தில் வேறு என்னதான் செய்ய முடியும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ராமநாதன் (ஓய்வுபெற்ற பொறியாளர்):

செல்வம் சார், செடியைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம், முதலில் வெயிலையும் தண்ணீரையும் பாருங்கள். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் எதை எங்கே வைப்பது என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும்.

சென்னை அட்சரேகையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் கொஞ்சம் வடக்கே தள்ளியிருக்கும். அதனால் கோடையில் பக்கத்து மாடியின் நிழல் மத்தியானத்தில் உங்கள் பக்கம் விழாது, நல்ல வெயில் அடிக்கும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். அப்போது 20 அடிச் சுவரின் நண்பகல் நிழல் சுமார் 15 அடி. நடுவில் இருக்கிற அஞ்சடியைக் கழித்தால் உங்கள் 12 அடியில் 10 அடி நிழலில்தான் இருக்கும், வீட்டுச் சுவரை ஒட்டிய இரண்டடிக்கு மட்டும் வெயில் வரும். மழைக்காலமும் அதுதான் என்பதால், சிமெண்ட் போட்டால் தை மாதம் வரை தரை காயாமல் பாசி பிடிக்கும். முழங்கால் வலி உள்ளவர் நடக்கிற இடத்தில் அது ரொம்ப ஆபத்து.

இன்னொன்று, சித்திரை வைகாசியில் நாலு மணிக்கு மேல் வெயில் மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்து வரும், அதனால் உங்கள் வீட்டு நிழலே கொல்லையில் விழும். ஆக கோடைச் சாயங்காலம் நிழல், மார்கழி மத்தியானம் வெயில், இரண்டும் கிடைக்கிற ஒரே இடம் வீட்டின் பின்சுவரை ஒட்டிய பகுதிதான். அங்கே ஒரு திண்ணை கட்டுங்கள். உயரம் ஒன்றரை அடி, அகலம் இரண்டடி. ஒன்றரை அடிக்குக் கீழே போனால் அம்மா எழுந்திருக்கச் சிரமப்படுவார். திண்ணை முனையில் பிடித்து எழ ஒரு ஸ்டீல் கைப்பிடியும் பதித்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயம். உங்கள் இடம் சுமார் 20 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர், அதாவது ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் கொட்டினால் இந்த இடத்தில் மட்டும் 2,000 லிட்டர் விழும். மொட்டை மாடித் தண்ணீர் தனி. எல்லாவற்றையும் மூடிவிட்டால் அது எங்கே போகும்? சமையலறை வாசற்படிக்கு வரும், இல்லையென்றால் அடுத்த வீட்டுக்குப் போகும். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். உங்கள் வீட்டில் அந்தக் குழி எங்கே இருக்கிறது, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். செப்டிக் டேங்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

நடக்கிற இடத்துக்கு மட்டும், சமையலறைக் கதவிலிருந்து துவைக்கிற கல் வரைக்கும், மூன்றடி அகலத்தில் சொரசொரப்பான கருங்கல் பலகை பதியுங்கள். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவு, வீட்டை விட்டு வெளிப்பக்கமாக. அழகுக்காக வழவழ டைல்ஸ் வேண்டவே வேண்டாம். செட்டிநாட்டு வீடுகளில் போடும் ஆத்தங்குடிக் கல்லும் (பூப்போட்ட சிமெண்ட் டைல்ஸ்) வீட்டுக்குள்ளே போடுவதுதான், வெயில் மழையில் நிறம் மங்கும்.

வித்யா, குரோம்பேட்டை:

அண்ணா, செயற்கைப் புல்லை மறந்துவிடுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் போட்டிருக்கிறார்கள், மத்தியானம் வெறுங்காலை வைக்க முடியாது. கொரியன் புல் கேட்டாலும் நான் வேண்டாம் என்பேன், அதற்கு நாள் முழுக்க வெயில் வேண்டும், பாதி வருஷம் நிழல் விழும் இடத்தில் திட்டுத் திட்டாகச் செத்துப் போகும்.

முருங்கையை வெட்டாதீர்கள். அதன் கிளை சட்டென்று முறியும், 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது பார்த்திருப்பீர்கள். உயரமாக விட்டால்தான் அந்தப் பயம். காய்த்து முடிந்ததும் மூன்றடிக்கு வெட்டிவிட்டால் பக்கத்தில் துளிர்த்துப் புதர் மாதிரி வரும், கீரை கைக்கு எட்டும். கம்பளிப்பூச்சி வரும், அதை மறைக்கவில்லை. பகலில் அவை தண்டில் ஒன்றாகக் குவிந்து கிடக்கும்போதே ஒழித்துவிட வேண்டும், அம்மா உட்காரும் இடத்துக்கும் அதற்கும் நல்ல தூரம் இருக்க வேண்டும். நல்லவேளை உங்கள் திண்ணை எதிர்ப்பக்கம்.

துவைக்கிற கல்லிலிருந்து வரும் தண்ணீருக்கு ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி இரண்டு வாழை, அதன் காலடியில் கல்வாழையும் சேம்பும் வையுங்கள். சோப்புத் தண்ணீரைத் தாங்கி வளரும். அளவாகப் போகும் தண்ணீர் வேரிலேயே போய்விடும், தேங்காது. வாழையில் தாய் ஒன்று, கன்று ஒன்று மட்டும் விட்டு மீதியைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருஷத்தில் மூலை முழுக்க அதுதான். மதிலிலிருந்து மூன்றடியாவது தள்ளி வையுங்கள்.

காய்க்குப் பந்தல்தான் வழி. தெற்கு மதிலுக்கு மேலே ஜிஐ பைப்பில் ஏழடி உயரத்தில், நாலடி அகலத்துக்கு ஒரு பந்தல். ஆடிப்பட்டத்தில் அவரை, புடலை, பீர்க்கு போடலாம், உங்களுக்கு அந்த மாதங்களில்தான் வெயில் இருக்கிறது என்று ராமநாதன் சாரே கணக்குச் சொல்லிவிட்டார். மார்கழி தை நிழலில் காய் எதிர்பார்க்க வேண்டாம், அப்போது வெற்றிலை, கற்பூரவல்லி, தூதுவளை இருந்தால் போதும். நிழலைப் பற்றிக் கவலைப்படாமல் பூப்பது நந்தியாவட்டை. செம்பருத்தியும் வரும், ஆனால் காற்றோட்டம் இல்லாத மூலையில் மாவுப்பூச்சி விடாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் அடியுங்கள்.

நீரூற்று வேண்டுமா என்று அம்மாவிடமே கேளுங்கள். மோட்டார் ஒரு வாரம் நின்றாலே போதும், டெங்கு கொசு முட்டையிட்டுப் பெருகிவிடும். தண்ணீர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் ஒரு பழைய சிமெண்ட் தொட்டியில் அல்லியும் நாலு கப்பி மீனும் விடுங்கள், மீன் புழுவைத் தின்றுவிடும்.

குமரி அசோக்:

இருவரும் சொன்னது சரிதான், ஆனால் கூட்டிப் பாருங்கள்: திண்ணை, கல் பாதை, வாழை, பந்தல், அல்லித் தொட்டி, துணிக்கொடி. 216 சதுர அடிக்கு இது ரொம்ப அதிகம். சின்ன இடத்துக்கு அழகே காலியாகக் கிடக்கும் இடம்தான். எங்கள் ஊர்ப் பக்கம் கொல்லையில் நடுமுற்றம் மண்ணாகவே இருக்கும், தினமும் கூட்டித் தண்ணீர் தெளிப்பார்கள், மரமும் செடியும் ஓரத்தில்தான்.

சேற்றுக்குக் காரணம் அந்த ரப்பிஷ் மண். மேலே ஓரடி எடுத்து வெளியே போட்டுவிட்டு, கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டடிக் குழி வெட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் தண்ணீர் நின்றால் களிமண் அல்லது பாறை. உங்கள் பகுதியில் இரண்டும் உண்டு. இறங்கிவிட்டால் கவலையில்லை, செம்மண்ணும் ஆற்றுமணலுக்குப் பதில் எம்-சாண்டும் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) கலந்து நிரப்பி, நடுவில் மட்டும் கெட்டித்து விடுங்கள். நின்றால் மதிலோரமாகச் சின்னக் கால்வாய் எடுத்து ஜல்லி போட்டு, மழைநீர்க் குழிக்குத் திருப்புங்கள்.

செப்டிக் டேங்க் மேல் எதையும் நிரந்தரமாகக் கட்டாதீர்கள். மூடியை மறைத்துத் தரை போட்டுவிட்டு, டேங்கைச் சுத்தம் செய்ய லாரி வந்து நிற்கும்போது உடைத்தவர்கள் நிறையப் பேர். அந்த இடத்தில் தூக்கி வைக்கக்கூடிய தொட்டிச் செடி மட்டும், துளசி, கற்றாழை, புதினா இப்படி. காற்றுக் குழாயை மறைக்க வேண்டாம். பக்கத்தில் மரமும் வேண்டாம், வேர் ஈரத்தைத் தேடிப் போய் விரிசலில் நுழையும்.

செல்வம், தாம்பரம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். திண்ணை என்றதும் சரி என்று சொல்லிவிட்டார், நீரூற்று வேண்டவே வேண்டாமாம். அவர் கேட்பது ஒன்றுதான், பவளமல்லி. சின்ன வயதில் அவர் வீட்டில் இருந்ததாம். இந்த இடத்தில் வருமா? அப்புறம் துணிக்கொடியை எங்கே கட்டுவது?

வித்யா, குரோம்பேட்டை:

தாராளமாக வரும் அண்ணா. பாதி நிழலையும் தாங்கும், தண்ணீர் மட்டும் காலடியில் தேங்கக் கூடாது. கிழக்கு மதிலை ஒட்டி, திண்ணையிலிருந்து பார்வை படுகிற இடத்தில் வையுங்கள். பூ விடியும்போது உதிரும் என்பதால் கீழே கல் பதிக்காமல் மண்ணாகவே விடுங்கள், அம்மா குனிந்து பொறுக்க வேண்டாம், ஒரு பழைய வேட்டியை ராத்திரி விரித்துவிட்டால் காலையில் மடித்து எடுத்துக்கொள்ளலாம். பத்தடிக்கு மேல் போகாமல் வருஷா வருஷம் வெட்டுங்கள். அந்த இடத்துக்காக என் பந்தலை இரண்டடி குறைத்துக்கொள்ளுங்கள், அசோக் அண்ணன் சொன்ன காலி இடம் நியாயமானது.

ராமநாதன் (ஓய்வுபெற்ற பொறியாளர்):

துணிக்கொடி கொல்லையில் வேண்டாம் சார், மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள். மழை நாளுக்கு மட்டும் திண்ணைக்கு மேலே சுவரில் மடக்கும் ஸ்டாண்ட் ஒன்று அடித்துக்கொள்ளலாம். கல் வேலையை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள், ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் கொத்தனார் மண்ணைத் தொடவே மாட்டார். பவளமல்லியை மட்டும் முதல் மழை விழுந்த பிறகு நடுங்கள்.