2021 கினியா எபோலா வரிசைகளைச் சேர்த்ததும் கடிகாரம் குழம்புகிறது, எங்கே தப்பு?

கடைசிபெஞ்ச்

வணக்கம். உயிர்த்தகவலியல் முதுகலை, இரண்டாம் வருடம். புராஜெக்டுக்காக மேற்கு ஆப்பிரிக்க எபோலா வைரஸின் மரபணு வரிசைகளைப் பொதுத் தரவுத்தளத்திலிருந்து இறக்கி, பிறழ்வு சேரும் வேகத்தையே கடிகாரமாக வைத்து, பீஸ்ட் மென்பொருளில் காலம் குறித்த மரம் (எந்த வைரஸ் எதிலிருந்து எப்போது பிரிந்தது என்று காட்டும் வம்ச வரைபடம்) போட்டுக்கொண்டிருக்கிறேன். 2014, 2015 மாதிரிகளை மட்டும் வைத்து ஓட்டியபோது வேர், அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதையின் தேதி, 2013 கடைசியை ஒட்டி வந்து நின்றது. கினியாவின் மெலியாண்டூ கிராமத்தில் 2013 டிசம்பரில் ஒரு குழந்தையிடமிருந்து தொற்று தொடங்கியதாகச் சொல்கிறார்களே, அதோடு பொருந்திப் போனதால் ஒரே சந்தோஷம்.

அதோடு விட்டிருக்கலாம். 2021-இல் கினியாவில் மறுபடி வந்ததே, அந்த வரிசைகளையும் சேர்த்தேன். பிறழ்வு வேகம் சரிந்துவிட்டது, வேர் பல வருடம் பின்னால் ஓடிவிட்டது, ஓட்டத்தைச் சரிபார்க்கும் ட்ரேசர் மென்பொருளில் பார்த்தால் பாதி அளவுருக்களுக்கு ஈஎஸ்எஸ் (முடிவை நம்பப் போதுமான மாதிரிகள் சேர்ந்தனவா என்று காட்டும் எண்) 200-ஐக்கூடத் தொடவில்லை. மூன்று நாள் லேப்டாப் ஓடியது, விசிறிச் சத்தத்தில் அறைத்தோழன் தூங்கவில்லை. கைடிடம் கேட்டேன், "அதெல்லாம் விலகிய புள்ளிகள், தூக்கிப் போட்டுவிட்டு முந்தைய முடிவையே எழுது" என்றார். தூக்கிவிடலாமா?

கணக்குவாத்தி

தம்பி, தூக்குவதற்கு முன்னால் இரண்டு வேலை செய். முதலில் தேதிப் பத்தியைத் திறந்து கண்ணால் பார். எக்செல் வழியாக வந்த தேதியென்றால் நாளும் மாதமும் இடம் மாறியிருக்க நிறைய வாய்ப்பு, 03/07/2014 என்பது மார்ச்சா ஜூலையா என்று கோப்பைச் செய்தவருக்குத்தான் தெரியும். நான் ஒரு தடவை இப்படி இரண்டு வாரம் தொலைத்திருக்கிறேன்.

அடுத்து, பீஸ்டை மூடிவிட்டு டெம்ப்எஸ்ட் என்கிற சின்ன மென்பொருளைத் திற. தேதியைப் பற்றி எதுவும் தெரியாத சாதாரண மரம் ஒன்றைக் கொடுத்தால், வேரிலிருந்து ஒவ்வொரு நுனிக்கும் (ஒரு மாதிரிக்கு ஒரு நுனி) உள்ள தூரத்தை மாதிரி எடுத்த நாளுக்கு எதிராக வரைந்து, புள்ளிகள் வழியே ஒரு நேர்கோடும் போட்டுக் காட்டும். கோட்டின் சாய்வுதான் வேகம், கோடு கீழே அச்சைத் தொடும் இடம்தான் வேரின் தேதி. இந்தப் படம் போட இரண்டு நிமிடம், நீ ஓட்டியது மூன்று நாள். எல்லாரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்!

ஒன்று மட்டும், அந்தக் கோடு எவ்வளவு நம்பகம் என்று ஆர்-ஸ்கொயர் போட்டு, பி-மதிப்பு போட்டு ஆய்வேட்டில் எழுதிவிடாதே. நுனிகள் ஒரே கிளையைப் பங்கு போட்டுக்கொள்பவை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத புள்ளிகள் அல்ல. கண்ணால் பார்ப்பதற்கான படம் அது, அவ்வளவுதான்.

ஆய்வகஎலி

கணக்கு அண்ணா சொன்ன படத்தைப் போட்டால் என்ன வரும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். 2014, 2015 புள்ளிகள் எல்லாம் ஏறிக்கொண்டே போகும், 2021 புள்ளிகள் மட்டும் வலது ஓரத்தில், கோட்டுக்கு வெகு கீழே படுத்திருக்கும். உங்கள் தேதி தப்பாக இல்லாவிட்டாலும் அப்படித்தான் இருக்கும்.

கையால் ஒரு கணக்குப் போடுங்கள். எபோலா மரபணுத் தொகுதியில் சுமார் 19,000 எழுத்து. வருடத்துக்கு ஒரு இடத்தில் ஆயிரத்தில் ஒன்று என்று வேகத்தைத் தோராயமாக வைத்தால், வருடத்துக்கு இருபதை ஒட்டி மாற்றம் வரவேண்டும். ஆறரை வருடத்துக்கு? நூற்றைத் தாண்டும். ஆனால் 2021 வரிசைகளில், 2014 வைரஸோடு ஒப்பிட்டால், ஒரு டஜனை ஒட்டித்தான் மாற்றம். நடுவில் அத்தனை வருடமும் ஆளுக்கு ஆள் பரவிக்கொண்டே இருந்திருந்தால் இப்படி இருக்க முடியாது. விலங்கிலிருந்து புதிதாகத் தாவியிருந்தால் தனிக் கிளையாக விலகி நின்றிருக்கும், இதுவோ 2014-16 மரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மிச்சம் இருப்பது ஒரே வழி, முதல் பரவலில் பிழைத்த ஒருவரின் உடம்பில் ஐந்து வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வெளியே வந்திருக்கிறது. விந்தகம், கண் மாதிரி நோய் எதிர்ப்புச் செல்கள் எளிதில் போகாத இடங்களில் இந்த வைரஸ் ஒளிந்துகொள்ளும் என்பது முன்பே தெரிந்ததுதான். 2016-இல் கினியாவிலேயே, நோய் கண்டு 500 நாளுக்கு மேல் ஆன ஒருவரின் விந்தில் வைரஸ் இருந்து பரவியதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஐந்து வருடம் என்று யாரும் நினைக்கவில்லை.

ஆக, உங்கள் கைடு தூக்கிப் போடச் சொன்ன புள்ளிகளில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. உள்ளே அது தூங்கியதா, மெல்ல மெல்லப் பெருகியதா என்பது வேறு பஞ்சாயத்து.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு, பிழைத்து வந்தவர்களை ஊர் மறுபடியும் ஒதுக்கும் என்ற பயம் அப்போதே எழுந்தது. ஆய்வேட்டில் எழுதும்போது 'நோயைப் பரப்பியவர்' என்கிற மாதிரி வார்த்தை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிபெஞ்ச்

படம் போட்டேன். அக்கா சொன்ன மாதிரியே வலது ஓரத்தில் படுத்திருக்கின்றன, பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கணக்கு அண்ணாவுக்கும் பாதி வெற்றி, 2014 மாதிரி ஒன்றில் நாளும் மாதமும் மாறித்தான் கிடந்தது, திருத்திவிட்டேன். இப்போது சந்தேகம் இதுதான்: நான் போட்டது கறாரான கடிகாரம், எல்லாக் கிளைக்கும் ஒரே வேகம். கிளைக்குக் கிளை வேகம் மாறவிடும் தளர்வான கடிகாரம் போட்டால் சரியாகிவிடுமா?

குளத்தங்கரை

இது எபோலாவுக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை. 1957-இல் காணாமல் போன எச்1என்1 ஃப்ளூ 1977-இல் திரும்பி வந்தபோது, கிட்டத்தட்ட 1950 வாக்கில் இருந்த வைரஸ் மாதிரியே இருந்தது. இருபது வருடப் பிறழ்வு எங்கே போனது? குளிர்பெட்டியில் இருந்தது என்பதுதான் பலருடைய பதில், ஆய்வகக் கசிவா தடுப்பூசிச் சோதனையா என்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். அந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்காமல் தேதி போட்டால் மரம் முழுக்கத் தப்பான வருடம் வரும். ஒன்று ஆள் உடம்பு, ஒன்று குளிர்பெட்டி, கடிகாரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

கணக்குவாத்தி

தளர்வான கடிகாரம் போடலாம், ஆனால் அது ஒவ்வொரு கிளையின் வேகத்தையும் ஒரே நிகழ்தகவுப் பரவலிலிருந்து (நோய்ப் பரவல் இல்லை, புள்ளியியல் பரவல்) எடுக்கிறது. ஒரே ஒரு கிளை மட்டும் படுத்துவிட்டால் அதைச் சமாளிக்க மொத்த நிகழ்தகவுப் பரவலையும் இழுத்து அகலமாக்கும், உன் வேரின் தேதிக்கான நிச்சயமின்மை இடைவெளி அநியாயத்துக்கு விரியும். 2021 கூட்டத்துக்குப் போகும் அந்த ஒற்றைக் கிளைக்கு மட்டும் தனி வேகம் கொடுக்கும் உள்ளூர்க் கடிகாரம் போடு, பீஸ்டில் இருக்கிறது. அப்புறம், வரிசைகளை எடுத்துவிட்டு பிரையர்களை (தரவைப் பார்க்கும் முன்பே நீ கொடுக்கும் அனுமானங்களை) மட்டும் வைத்து ஒரு ஓட்டம் விடு. அதிலும் அதே விடை வந்தால், பதில் சொன்னது தரவு இல்லை, நீ கொடுத்த பிரையர்தான்.

கைடிடம் சண்டைக்குப் போகாதே. அந்த இரண்டு நிமிடப் படத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வை. ஓட்டத்தை லேப்டாப்பில் விடாமல் துறை சர்வரில் கேட்டுப் பார், பாவம் அந்தப் பையன் தூங்கட்டும்.