எச்ஐவியோடு குடுவும் (ஹெரோயின்) பாவித்தால் மறதி வருமா?

கேட்டவர்: கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். தம்பிக்கு எச்ஐவி, குளிசை ஒழுங்காகத்தான் போடுகிறான், ஆனால் குடுவை விடவில்லை. பாண் வாங்க அனுப்பினால் முழுக் காசோடும் திரும்பி வந்து நிற்கிறான். இது வைரஸாலா, குடுவாலா?

பதில் 1: இரண்டும் சேர்ந்து இருக்கலாம் அண்ணா. வைரஸ் ஆரம்பத்திலேயே மூளைக்குள் போய் மைக்ரோக்ளியா என்ற காவல் செல்களில் குடியேறிவிடும். ஹெரோயின் உடம்பில் மோர்பினாக மாறி அதே செல்களைக் கிளறிவிட, அழற்சி கூடி நரம்பு இணைப்புகள் தேயும். குளிசை இரத்தத்தில் வைரஸை அடக்கினாலும் மூளையில் கொஞ்சம் ஒளிந்திருக்கும்.

பதில் 2: நித்திரைக் குறைவு, மனச்சோர்வு கூட மறதி தரும். கொழும்பு டி சேரம் பிளேஸ் எச்ஐவி கிளினிக்கில் குடு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கேட்டவர்: சரி, திங்கள் கூட்டிக்கொண்டு போகிறேன். வருவானோ தெரியாது.