பொட் கொமெண்டுகளை ஸ்கிரிப்டால அழிச்ச ஆக்கள் இருக்கிறீங்களா? நடந்ததைச் சொல்லுங்கோ

ஓர்ஸ்ஹில்காரன்:
மூன்று மாசமாகுது, இன்னும் மனசை விட்டுப் போகேல்ல. கிட்ஹப் (கோட் வைக்கிற தளம்) இஷ்யூக்களில, அதாவது பிழைகளைப் பதிஞ்சு பேசுற பக்கங்களில, பில்ட் பொட் (கோடைக் கட்டிப் பார்த்து முடிவை எழுதுற தானியங்கி) போட்ட கொமெண்டுகள் குவிஞ்சு, மனுசர் எழுதினதைத் தேடிப் பிடிக்க ஏலாமல் கிடந்தது. எழுதின கணக்கின்ர பேரை வச்சு வடிகட்டி அழிக்கிற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதி, இரவு ஓட விட்டன். திரையில 204, 204 எண்டு விழுந்துகொண்டே இருந்தது, அழிஞ்சிட்டுது எண்டதுதான் அதின்ர அர்த்தம். ஒவ்வொரு 204 க்குப் பக்கத்திலயும் அழிஞ்ச கொமெண்டின்ர முதல் வரி. எல்லாம் 'பில்ட் சரி', 'பில்ட் பிழை'. திடீரெண்டு ஒரு வரி: 'ஸ்லோ நெட்டில மட்டும் வருது, மூன்று தரம் பார்த்திட்டன்.'

பொட் அப்பிடி எழுதாது. உடன ஸ்கிரிப்டை நிப்பாட்ட கண்ட்ரோல் சி அடிச்சன். அதுக்குள்ள எத்தினையோ போயிட்டுது. டெஸ்டிங் பார்க்கிற அக்காவின்ர டோக்கனைத்தான் (அவவின்ர கணக்கைப் பாவிக்கிற சாவி) முதல்ல பொட்டுக்குக் குடுத்திருந்தம், அதால ரெண்டும் ஒரே பேரில நிண்டிருக்கு. காலமை அவ கேட்டது ஒண்டுதான்: "தம்பி, நான் எழுதினது எங்க?" அந்த பக் எப்பிடி வருது எண்டதை அவ ஒரு கிழமையா இருந்து கண்டுபிடிச்சு எழுதினவ.

உப்புவெளி வாசி:
எனக்கும் கிட்டத்தட்ட இதுதான். 2022 மார்ச் கடைசி, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின நேரம். பழைய கொமெண்ட் 400 ஐ அழிக்க விட்டுட்டு ரீ குடிக்க எழும்பினன், கரண்ட் போச்சு. திரும்ப வந்து பார்த்தால் முதல் நூறு இல்லை, அடுத்த நூறு அப்பிடியே இருக்கு, அதுக்கடுத்த நூறு இல்லை, கடைசி நூறு இருக்கு. கரண்டை நம்பி இந்த வேலை செய்யக்கூடாது.

கிண்ணியா நானா:
உப்புவெளித் தம்பி, அது கரண்டால வந்த பிழை இல்லை. கரண்ட் போனா ஸ்கிரிப்ட் ஒரு இடத்தில நிக்கும், நடுவில நூறை விட்டுட்டுப் பாயாது. நீங்க பக்கத்துக்கு நூறு எண்டு பக்கம் 1 ஐ எடுத்து அழிச்சிருப்பீங்க, பிறகு பக்கம் 2 ஐக் கேட்டிருப்பீங்க. முதல் நூறு அழிஞ்ச உடனே பின்னால நிண்டதெல்லாம் முன்னுக்கு நகர்ந்திடும். 101 இலிருந்து 200 வரைக்கும் இருந்தது இப்ப பக்கம் 1. அதை நீங்க கேட்கவே இல்லை. எனக்கும் ஒருக்கா இப்பிடியே நடந்தது, கரண்ட் இருக்கக்கொள்ளயே.

அதனால முதல்ல எல்லாக் கொமெண்டின்ர ஐடியையும் (அடையாள நம்பர்) ஒரு ஃபைல்ல எடுங்க, ஒண்டையும் அழிக்காதீங்க. ஐடி, எழுதின ஆள், திகதி, முழு வாசகம் நாலும் இருக்கணும். அந்த ஃபைலை மனுசக் கண்ணால வாசிங்க. பிறகு அஞ்சை மட்டும் அழிச்சுப் பாருங்க. இடையில நிண்டாலும் அதே பட்டியலைத் திரும்ப ஓட்டலாம், போனதுக்கு 404, அதாவது 'இல்லை' எண்டு வரும், அவ்வளவுதான். பேரை மட்டும் வச்சு வடிகட்டாதீங்க. பொட் எழுதுற ஒவ்வொரு கொமெண்டிலயும் ஒரு அடையாள வரி இருக்கட்டும், அந்த வரி இருந்தா மட்டும் அழிக்கிற மாதிரி வைங்க. கிட்ஹப்பில கொமெண்டை மறைக்கவும் ஏலும், 'காலாவதி' எண்டு மடிச்சு வைக்கலாம், தேவைப்பட்டா விரிக்கலாம். இரைச்சல் குறையத்தானே வேணும், அதுக்கு இது போதும். ஃபைலில இருந்து திரும்பப் போடலாம்தான், ஆனா போடுற ஆளின்ர பேரும் இண்டைய திகதியும்தான் விழும். பாஸ்வேர்ட் கசிஞ்ச கொமெண்ட் எண்டா வேற கதை: முதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க, அழிக்கிறது பிறகு.

நிலாவெளி:
நானா, மாத்த ஏலாததும் இருக்கு. எங்கட ஜிராவில (வேலைகளையும் பிழைகளையும் பதியிற மென்பொருள்) ஒரு வாடிக்கையாளரின்ர 12 இலக்க அடையாள அட்டை நம்பர் கொமெண்டுகளில வந்திட்டுது. நான்தான் தேடி, தானியங்கி விதி எழுதி, ஒண்டும் விடாமல் அழிச்சன். நிம்மதியா வீட்டுக்குப் போய், பஸ்ஸில போனைத் திறந்தால், பழைய அறிவித்தல் மெயிலில அந்த நம்பர் முழுசாக் கிடக்கு. அந்த இஷ்யூவைப் பின்தொடர்ந்த எல்லாருக்கும் போயிருக்கு. அடுத்த நாள் ஒவ்வொருத்தராக் கூப்பிட்டு, மெயிலை அழியுங்கோ எண்டு கெஞ்சினன். அந்த மனுசரின்ர நம்பர் இப்ப எத்தினை போனில இருக்கோ, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது.

உப்புவெளி வாசி:
நானா, பழைய ஸ்கிரிப்டை இப்பதான் திறந்து பார்த்தன். பக்கம் 1, பிறகு பக்கம் 2. நீங்க சொன்னது சரி.

ஓர்ஸ்ஹில்காரன்:
நிலாவெளி அக்கா, நீங்க மெயில் எண்டு எழுதினதைப் பார்த்துட்டு என்ர மெயில் பெட்டியைத் தேடினன். நானும் அந்த இஷ்யூவைப் பின்தொடர்ந்தனான். டெஸ்டிங் அக்கா எழுதினதில ஏழு இருக்கு, ஸ்லோ நெட் வரியும் இருக்கு. அவவுக்கு அனுப்பிட்டன். இன்னும் மூன்று கிடைக்கேல்ல, மற்ற ஆக்களின்ர பெட்டியில தேடச் சொல்லியிருக்கிறன்.