மறு: ஸ்கோலியோசிஸ் – ‘பக்கவளைவு’ போதுமா, ‘திருகுவளைவு’ வேண்டுமா?

குழுவினருக்கு வணக்கம். ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து திருகிக்கொள்ளும் நிலை, பற்றிய நம் துண்டறிக்கைக்கு ‘திருகுவளைவு’ என்ற சொல்லை நான் முன்வைத்ததை ஒட்டி இரண்டு நாளாக வந்த மடல்களுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> ‘பக்கவளைவு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, எதற்கு இன்னொரு சொல்?

மன்னார்குடியில் இயன்முறை மருத்துவம் பார்க்கிறவன் என்பதால் இந்தச் சொல் வீட்டில் என்ன வேலை செய்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன். பக்கவளைவு என்றதும், ‘ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, மறுபக்கம் இழுத்துவிட்டால் சரியாகிவிடும்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். எண்ணெய் போட்டு நீவிவிட ஆள் தேடுகிறார்கள். இல்லையென்றால், இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் விற்கும் பெல்ட்டை வாங்கிக் கட்டிவிடுகிறார்கள். எதுவும் பலிக்காது. பிள்ளை வளர்கிற மாதங்கள் வீணாவதுதான் மிச்சம்.

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது பாதிக் கதைதான். முள்ளெலும்புகள் கூடவே திரும்பியும் கொள்கின்றன, விலா எலும்புகளையும் இழுத்துக்கொண்டு. குனியச் சொல்லிப் பார்த்தால் இது தெரியும். சும்மா ‘குனி’ என்றால் பிள்ளைகள் முழங்காலை மடக்கிவிடுவார்கள். எங்கள் ஊரில் “நாற்று நடுற மாதிரி குனிம்மா, காலை மடக்காதே” என்றால் போதும், முதுகு கிடையாக வந்துவிடும். பின்னால் நின்று பார்த்தால் ஒரு பக்கம் மேடு தட்டியிருக்கும். அந்த மேட்டுக்குக் காரணம் திருகல். பக்கவளைவு என்ற சொல்லில் அதற்கு இடமே இல்லை. அதனால்தான் ‘முதுகெலும்புத் திருகுவளைவு’, சுருக்கமாகத் ‘திருகுவளைவு’ என்கிறேன்.

> ‘பக்கக்கூன்’ என்றால் கிராமத்தில் உடனே புரியுமே?

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். கூன் என்பது முன்பக்கமாக வளைவது, அது வேறு நிலை. இன்னொன்றும் இருக்கிறது. திருகுவளைவு பெரும்பாலும் தெரியவருவது பத்து வயதுக்கு மேல். வளைவு கூடிக்கொண்டே போவது பெண்பிள்ளைகளிடம் மிக அதிகம். பள்ளிக்கூடத்தில் ‘கூனி’ என்று பேர் விழுந்துவிட்டால் அந்தப் பெண் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொள்வாள், யாரிடமும் காட்டமாட்டாள். இந்தச் சொல் வேண்டவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

‘கோட்டம்’ நல்ல பழஞ்சொல். ஆனால் இன்றைக்கு வருவாய்க் கோட்டம்தான் நினைவுக்கு வரும். ‘தண்டுவட வளைவு’ பிழை. தண்டுவடம் எலும்பல்ல, உள்ளே ஓடும் நரம்பு.

காரணம் பற்றியும் துண்டறிக்கையில் ஒரு வரி வேண்டும். 100 பேரில் சுமார் 80 பேருக்குக் காரணம் தெரியாது. புத்தகப்பையோ உட்காரும் விதமோ இதை உண்டாக்குவதில்லை. “வயித்துல இருக்கும்போது நடவுக்குப் போனேனே, அதனாலயா சார்?” என்று கேட்கும் அம்மாக்களுக்கு, இல்லை என்று அச்சில் சொல்ல வேண்டும்.

அடுத்து, பிரேஸ். ‘பட்டை’ என்று யாரோ எழுதியிருந்தீர்கள். அது மறுபடியும் மருந்துக்கடை பெல்ட்டில் கொண்டுபோய்விடும். இது உடம்புக்கு அளவெடுத்துச் செய்யும் கெட்டிப் பிளாஸ்டிக் கூடு. மேட்டுப் பக்கம் அழுத்தும், எதிர்ப்பக்கம் உடம்பு நகர இடம் விட்டிருக்கும். ‘திருத்தி’யும் கூடாது, ஏனென்றால் அது வளைவை நேராக்கும் என்ற வாக்குறுதி தருகிறது. பிரேஸின் வேலை, எலும்பு வளர்ந்து முடியும் வரை வளைவு முற்றாமல் காப்பது. ஆகவே ‘முதுகுக் கவசம்’.

2013இல் வெளிவந்த அமெரிக்க, கனடிய ஆய்வில் கவசம் அணிந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு, வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 பாகையை எட்டவில்லை. கண்காணிப்பு மட்டும் என்றிருந்தவர்களில் அது 48 சதவீதம். நாளுக்கு 13 மணிநேரம், அதற்கு மேல் அணிந்தவர்களில் 90 சதவீதத்தையும் தாண்டியது. சித்திரை வெயிலில் 13 மணிநேரம் லேசான காரியமில்லை. உள்ளே பருத்தி பனியன், இரவுத் தூக்கத்தையும் கணக்கில் சேர்ப்பது என்று வழி சொல்லித்தான் பிள்ளைகளைச் சம்மதிக்க வைக்கிறோம்.

எக்ஸ்ரேயில் வளைவை அளந்து சொல்லும் ‘காப் கோணம்’ அப்படியே இருக்கட்டும், 1948இல் அளக்கும் முறையைச் சொன்னவரின் பெயர் அது. 10 பாகைக்குக் குறைந்தால் திருகுவளைவே அல்ல. 25 வரை கண்காணிப்பு, வளரும் பிள்ளைக்கு 25 முதல் 40 வரை கவசம், 45–50ஐத் தாண்டினால்தான் அறுவை பற்றிய பேச்சு.

பயிற்சிக்கான சொற்களில்தான் எனக்கு உதவி வேண்டும். ஜெர்மனியின் காத்தரினா ஷ்ரோத், தனக்கே இந்த வளைவு இருந்ததால், அமுங்கிய பக்கத்துக்குள் மூச்சை நிரப்பும் முறையை 1920களில் வளர்த்தெடுத்தார். கவசத்துக்கு மாற்றாக அல்ல, அதோடு சேர்த்தே இன்று கற்றுத்தருகிறோம். பாடநூல் வழக்குப்படி குவிபக்கம், குழிபக்கம் எனலாம். “பள்ளப் பக்கம் மூச்சை நிரப்பு” என்றால் பிள்ளைகள் சட்டென்று செய்கிறார்கள். நான் ‘மேட்டுப்பக்கம், பள்ளப்பக்கம்’ பக்கம்தான். மூச்சுப் பயிற்சிக்குத் ‘திருகுநீக்க மூச்சு’ சரிவருமா?

இலங்கை நண்பர்கள் ‘முள்ளந்தண்டுத் திருகுவளைவு’ அங்கே பொருந்துமா என்று சொல்லுங்கள். துண்டறிக்கை இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது, அதற்குள் பதில் வந்தால் திருத்திவிடலாம்.