மலைக்கு எந்தப் பக்கம் வேலை? நியூசிலாந்து கிளம்பும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

லீவுக்குத் தேனி மாவட்டத்துக் கூடலூர் வந்திருக்கிறேன். டீக்கடையில் உட்கார்ந்தால் போதும், யாராவது ஒரு தம்பி வந்துவிடுகிறான். "அண்ணே, நானும் நியூசிலாந்து வர்றேன். அங்க குளிர் எப்படி, சம்பளம் எப்படி?" அங்க என்றால் எங்கேப்பா என்று திருப்பிக் கேட்டால் முழிக்கிறான். விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டாயிற்று, ஊர்ப் பெயர் மட்டும் போனில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நானும் அப்படித்தான் போனேன், அதனால் திட்டவில்லை. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, எழுதியே போட்டுவிடுகிறேன்.

தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்கு பெரிய நாடு. மொத்த ஜனம் 53 லட்சம்தான், அதில் மூன்றில் ஒரு பங்கு ஆக்லாந்து ஒரே ஊரில் அடைந்து கிடக்கிறது. மீதி நாடு முழுக்க மலை, புல், மாடு, பழத்தோட்டம், காடு.

என் அம்மா விடியக்காலை ஜீப்பில் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்குப் போனவர். கீழே நாம் மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு சாரலில் காய் எடுப்பார்கள். மெட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மழை, ஒரு பயிர், ஒரு கூலி. அந்தப் பக்கம் எல்லாமே வேறு. இது நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். இதே கணக்கை வைத்துக்கொண்டு நியூசிலாந்தின் தெற்குத் தீவைப் பாருங்கள். தீவின் நீளத்துக்கும் மலைத்தொடர், தெற்கு ஆல்ப்ஸ். உச்சி ஆவோராக்கி, 3,724 மீட்டர், நம்ம ஆனைமுடியைவிட ஒரு கிலோமீட்டர் உயரம். காற்று வருஷம் பூராவும் பெரும்பாலும் மேற்கிலிருந்து. மழை முழுக்க மேற்கே கொட்டித் தீர்ந்துவிடும், கிழக்கே மிச்சம்தான்.

எனக்கு முதல் வேலை மேற்குக் கரையில், ஹொக்கிடிகாவுக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுப் பண்ணை. மழை பெய்யும் என்று சொன்னார்கள். குமுளி மழையைப் பார்த்தவனுக்கு இதென்ன என்று நினைத்தேன். ஹொக்கிடிகாவில் வருஷத்துக்கு ஏறக்குறைய 2,900 மில்லிமீட்டர். குமுளியில் மழைக்கு ஒரு காலம் உண்டு, முடிந்தால் வெயில் வரும். அங்கே வருஷமெல்லாம் அதே கதை. பண்ணை கொடுத்த வீட்டில் சுவரெல்லாம் பூஞ்சணம், துணி காயவே காயாது. வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் சின்னக் கருப்புக் கொசு மாதிரி ஒன்று வந்து கணுக்காலைப் பிடுங்கும். ஆனால் ஒன்று, வீட்டு வாடகை மலிவு, ஜனங்கள் நல்லவர்கள், முதல் வருஷம் பணம் மிச்சமானது. 1860-களில் தங்கம் தேடி வந்த கூட்டம் உண்டாக்கிய ஊர்கள் அவை. அப்புறம் நிலக்கரி, மரம். இப்போது பால், சுற்றுலா. தமிழ்ச் சத்தம் மட்டும் கேட்காது. நான் தனியாகப் பேசிக்கொள்ளப் பழகியது அங்கேதான்.

விசாவை மாற்றிக்கொண்டு மலையைத் தாண்டினேன். ஆர்தர்ஸ் பாஸ் என்கிற மெட்டு, 920 மீட்டர், கிட்டத்தட்ட நம்ம குமுளி உயரம்தான். ஏறும்போது ஈரக்காடு, இறங்கும்போது காய்ந்த புல். வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தேன், குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்குகிற மாதிரியே இருந்தது. கீழே கேன்டர்பரி சமவெளி. கிறைஸ்ட்சர்ச்சில் மழை 600 மில்லிமீட்டர் சொச்சம்தான். ஒரு காலத்தில் ஆடும் கோதுமையும் இருந்த நிலம். இப்போது மலையிலிருந்து வரும் ஆற்றுத் தண்ணீரை, சக்கரம் வைத்து நடந்துபோகும் நீளமான குழாய்களால் பாய்ச்சிப் பால்பண்ணை ஆக்கிவிட்டார்கள். வேலை நிறைய இருக்கிறது. கிறைஸ்ட்சர்ச் பெரிய ஊர், 2011 பிப்ரவரி நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்தார்கள், நடு ஊரையே திரும்பக் கட்டினார்கள். கோயில், மளிகைக் கடை, வெள்ளிக்கிழமைக் கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும்.

இன்னும் தெற்கே உள்நாட்டில் சென்ட்ரல் ஒடாகோ. அலெக்சாண்ட்ராவில் மழை 350 மில்லிமீட்டர்தான், நம்ம பள்ளத்தாக்கைவிடக் காய்ந்த பூமி. செர்ரி, ஆப்ரிகாட், திராட்சை. பழம் எடுப்பு டிசம்பர், ஜனவரியில், சீசன் முடிந்தால் கையில் ஒன்றும் இருக்காது. பக்கத்துக் குயின்ஸ்டவுனில் ஓட்டல் வேலை கிடைக்கும், ஆனால் வாடகையைக் கேட்டால் தலை சுற்றும்.

தென்கோடி சவுத்லாந்தைப் பற்றி நம்ம ஊர்க்காரர்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது. பெரியாற்றுத் தண்ணீர் தானாகப் போனால் மேற்கே அரபிக்கடலுக்குத்தானே போகும். பென்னிகுவிக் அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். லோயர் கேம்பில் மின்சாரம், கீழே வயல். மனபூரி ஏரியில் இதை அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். ஏரித் தண்ணீர் தெற்கே ஆறாகப் போக வேண்டியது; பாதாளத்தில் மின்நிலையம் கட்டி, மலைக்கு அடியில் குடைந்து, மேற்குக் கடலில் விட்டுவிட்டார்கள். 1969-ல் மின்சாரம் வந்தது. அதில் பெரும்பங்கு டிவாய் பாயின்ட் அலுமினிய ஆலைக்குப் போகிறது. ஏரி மட்டத்தை உயர்த்தப் பார்த்தபோது ஜனங்கள் எதிர்த்து 1970-ல் 2,64,907 கையெழுத்து போட்டார்கள், மட்டம் ஏறவில்லை. முல்லைப் பெரியாறு அணை மட்டம், 142 அடி என்றாலே காது நிமிர்கிற ஊரில் பிறந்தவன் நான். ஏரிக்கரையில் அதைப் படித்தபோது அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

சரி, வடக்குத் தீவு. ஜனத்தில் முக்கால்வாசிப் பேர் அங்கேதான். வைகாட்டோ பால் நாடு, புல்லுக்குப் பஞ்சமே கிடையாது. மாவோரி மொழியில் 'வை' என்றால் தண்ணீர். வைகைக்காரனுக்கு இந்தப் பெயர் மறக்காது. ரொட்டொருவா, டவுப்போ பக்கம் தரையிலிருந்தே ஆவி கிளம்பும். வைராக்கேயில் 1958-லிருந்து அதை வைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். பைன் காடும் மர ஆலையும் அங்கே. வெலிங்டன் அரசாங்க வேலைக்காரர் ஊர், காற்று ஆளைத் தள்ளும், மலைமேல் குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. வடகோடி நார்த்லாந்து இதமான தட்பவெப்பம், சம்பளம் குறைவு.

கம்பத்துக்காரர்கள் தனியாகக் கேட்க வேண்டியது பே ஆஃப் பிளென்டி. அங்கே டெ புக்கே என்ற ஊரைச் சுற்றி கிவிப் பழம் பந்தலில் காய்க்கிறது. கம்பியில் கொடியைப் படர விட்டு, அண்ணாந்து பார்த்துக் கவாத்து பண்ணும் அதே வேலை. பன்னீர் திராட்சையில் கழுத்து வலித்தவனுக்கு அது பழகின வலி. நம்ம ஊரில் வருஷத்தில் இரண்டுக்கு மேல் அறுவடை பார்த்தவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அங்கே வருஷத்துக்கு ஒரே அறுப்பு, மார்ச் முதல் ஜூன் வரை, பிறகு குளிரில் கவாத்து. மழை பெய்தால் அன்றைக்குப் பழம் எடுக்க மாட்டார்கள், அதற்குக் கூலி உண்டா என்று முன்பே கேளுங்கள். மால்பரோவில் ஒயின் திராட்சை இருக்கிறது, ஆனால் அது பந்தல் இல்லை, வேலி மாதிரி வரிசை. கழுத்துக்குப் பதில் முதுகு போகும்.

பால்பண்ணைக்குப் போகிறவர்களுக்கு: ஒரு மந்தையில் 400 மாட்டுக்கு மேல் இருப்பது சாதாரணம். எல்லாம் ஒன்றாக ஜூலை, ஆகஸ்டில் கன்று ஈனும். அதுதான் அங்கே கடும் குளிர். விடியக்காலை நாலு மணிக்குக் கறவை. அந்த இரண்டு மாதம் ஊரிலிருந்து போன் வந்தாலும் எடுக்க முடியாது, வீட்டில் சொல்லி வையுங்கள். பண்ணை மாறுகிறவர்கள் ஜூன் 1-ல் மாறுவார்கள். அதனால் வேலை தேடுவது அதற்கு முந்தைய மாதங்களில்.

ஊரை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், வேலை விசாவில் முதலாளி, வேலை, இடம் மூன்றும் எழுதியிருக்கும். பிடிக்கவில்லை என்று நினைத்தபடி பஸ் ஏறிவிட முடியாது, மறுபடி அனுமதி வாங்க வேண்டும். வேலை கொடுப்பதற்கு முதலாளி பணம் கேட்பது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். "முதலாளிக்குக் கொடுக்கணும்" என்று இங்கே யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் தோட்டத்தை அடமானம் வைத்துக் கொடுத்துவிட்டு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

போனதும் வரி எண் வாங்குங்கள். அது இல்லாமல் சம்பளம் வாங்கினால் 45 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். வாடகை வாரக்கணக்கு, முன்பணம் நாலு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வீடு பார்க்கும்போது வடக்குப் பார்த்ததா என்று கேளுங்கள். வாஸ்து இல்லை, பூமியின் தெற்குப் பாதியில் சூரியன் வடக்கு வானத்தில்தான் போகும். தெற்குப் பார்த்த அறையில் ஒரு குளிர்காலம் இருந்து பாருங்கள், ஹொக்கிடிகா ஞாபகம் வரும்.

நர்ஸ் வேலைக்குப் போகும் தங்கச்சி ஒருவர் ஆக்லாந்துதான் வேண்டும் என்று நிற்கிறார். இன்வர்கார்கில், டிமாரு, ஃபாங்கரே எல்லா ஊரிலும் ஆஸ்பத்திரி இருக்கிறதும்மா, வாடகையை மட்டும் ஒப்பிட்டுப் பார்.

கடைசியாகப் பெட்டி. ஏலக்காய், ஊறுகாய், பொடி எதுவாக இருந்தாலும் விமான நிலையப் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதாமல் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். தேன், விதை, பச்சை இலை வேண்டாம். தோட்டத்துக்குப் போட்ட பூட்ஸ் இருந்தால் மண் போகத் தேய்த்துக் கழுவி எடுத்துப் போங்கள், அடியைத் திருப்பிப் பார்ப்பார்கள். என்னுடையதை நேற்று அம்மா பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து வாசலில் காய வைத்திருக்கிறார்.