கவுன்சில் கேக்குற எக்ஸ்ட்ரா டைமுக்கு ஓகே சொல்லலாமா?

லண்டன்ல டெரஸ் வீடு, அதாவது ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டோட சுவர் ஒட்டி வரிசையா இருக்குற வீடு. கிச்சனை பின்னாடி 4 மீட்டர் இழுத்துக் கட்ட கவுன்சில்ல ஹவுஸ்ஹோல்டர் அப்ளிகேஷன் (வீட்டை மாத்திக் கட்ட பிளானிங் அனுமதி கேக்குறது) போட்டு 528 பவுண்டும் கட்டியாச்சு. 8 வாரத்துல முடிவு சொல்லணும்னு ரூல், என் கணக்குக்கு 9வது வாரம் ஓடுது, ஒருத்தரும் வந்து எட்டிக்கூட பாக்கல. நேத்து ஆஃபீசர் ரெண்டே வரி மெயில் போட்ருக்கார், இன்னும் 5 வாரம் தள்ளிப்போட சம்மதம்னு எழுதிக் குடுங்கன்னு. பில்டரோ அடுத்த மாசம் விட்டா செப்டம்பர்தாங்குறார். பதிலே போடாம விட்டா தானா அப்ரூவ் ஆயிடுமா?

ரெட்பிரிக்
தானால்லாம் ஆகாது பாஸ். 8 வாரம் தாண்டுனா கவுன்சிலுக்கு மேல இருக்குற பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்கு அப்பீல் போகலாம், அவ்ளோதான், அதுவும் மாசக்கணக்குல இழுக்கும். அதுக்கு முன்னாடி, நீங்க எண்றது காசு கட்டுன நாள்ல இருந்தா? போர்ட்டல்ல 'வேலிட்'னு ஒரு தேதி இருக்கும், கடிகாரம் ஓடுறது அதுலேர்ந்துதான்.

கேட்டவர்
அட ஆமா, 13 நாள் கழிச்சு இருக்கு. சைட் பிளான்ல வீட்டைச் சுத்தி சிவப்புக் கோடு போடலைன்னு திருப்பி அனுப்பிருந்தாங்க. அப்போ இது 7வது வாரம்தானா 🤦

வன்னியான்
தம்பி, நானும் உப்பிடித்தான் வீம்புக்கு ஏலாதெண்டு எழுதினன். சரியா 8 கிழமை முடியிற அண்டைக்குப் பின்னேரம் ரிஜெக்ட் பண்ணி விட்டாங்கள், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு வெளிச்சம் மறைக்குதாம். அரை மீட்டர் குறைக்கச் சொல்லியிருந்தா குறைச்சிருப்பன். முந்தி ஒருக்கா ஃப்ரீயா திரும்பப் போடலாம், 2023 டிசம்பரோட அதையும் எடுத்துப்போட்டாங்கள், திரும்பவும் முழுக்காசு.

கணக்கன்
சம்மதம் குடுத்தா ஒண்ணு போயிடும், 16 வாரம் தாண்டியும் முடிவு வரலைன்னா கட்டுன ஃபீஸ் திரும்பக் கேக்குற உரிமை. ஆமா, ஒரு மாடி மட்டும், அதுவும் 4 மீட்டர்னா ஏன் ஃபுல் அப்ளிகேஷன்? டெரஸுக்கு 6 மீட்டர் வரைக்கும் ப்ரையர் அப்ரூவல்ல (முழு அனுமதி இல்லாம, கட்டுறதுக்கு முன்னாடி கவுன்சிலுக்குத் தெரிவிச்சு ஓகே வாங்குற சின்ன வழி) போயிருக்கலாமே. அதுலதான் 42 நாள்ல கவுன்சில் வாயைத் திறக்கலைன்னா நாம கட்ட ஆரம்பிச்சிடலாம்.

கேட்டவர்
வீட்டுக்குச் சைடுல இருக்குற சந்துலயும் சேத்து எல் ஷேப்ல கட்டுறோம் சார், அதுக்கு அது செல்லாதுன்னு ஆர்க்கிடெக்ட் சொல்லிட்டார். வன்னியான் அண்ணா சொன்னதைப் படிச்சதும் பயமாயிடுச்சு. 3 வாரம்தான் தர்றேன், டிராயிங்ல எது இடிக்குதுன்னு இப்பவே சொல்லுங்கன்னு மெயில் தட்டிட்டேன். பில்டர் இன்னும் போன் எடுக்கல.